வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எரிந்த அடுப்பு

என் அக்கா தவமணியின் கணவர் இராஜரட்ணம், கனடாவில் பிறம்ரன் நகரில் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர். சாமானில் பிழை பிடிப்பதற்குத்தான் சம்பளம். ஓய்வு பெற்ற பிறகு சம்பளம் நின்றது, பிழை பிடிப்பது நிற்கவில்லை. தோசையின் விளிம்பு, பக்கத்து வீட்டுக்காரர் பனி தள்ளுகிற விதம், நான் கார் நிறுத்துகிற கோணம் எல்லாம் அவருடைய பரிசோதனையில் தோற்றவை. தன் கையால் செய்த வேலையில் மட்டும் அவர் ஒருநாளும் பிழை கண்டதில்லை.

போன மாரிக்குளிர் தொடங்கியபோது அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். மார்க்கம் நகர வீட்டின் இருப்பறைக்கு, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் சூடு ஒழுங்காக வருவதில்லை, முழங்கால் விறைக்கிறது, தை பிறந்ததும் பிறம்ரனில் இருக்கும் மகள் நிரூபாவிடம் போய்ச் சித்திரை வரை இருக்கப்போகிறேன் என்றாள். அத்தான் ஐபாட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், சரி போய்வா என்றார்.

அவருக்குத் தனியாக இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அக்கா ஒருமுறை ஒட்டாவாவுக்குக் கலியாணம் ஒன்றுக்குப் போயிருந்த இரண்டு நாளில், உப்பு எங்கே இருக்கிறதென்று எனக்கு மூன்று தடவை ஃபோன் எடுத்தார். உப்பு மேசையில் இருந்தது. சும்மா ஒரு மனிதக் குரல் கேட்கத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் போகாதே என்ற சொல் அவர் வாயில் வராது. அதற்குப் பதிலாக ஓர் அடுப்பு வாங்கினார்.

பெலெற் அடுப்பு. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகளைத் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விழுத்தி எரிக்கிற இயந்திரம். முன்னால் கண்ணாடிக் கதவு. வடக்கே ஒரு பண்ணைக்காரரிடம் பழையதாக வாங்கி, என்னுடைய இடுப்பு நாரியை முறித்து வீட்டுக்குள் ஏற்றினோம். ஆள் பிடித்துச் சுவரில் புகைக்குழாய் போட்டார். அத்தோடு விடவில்லை. எல்லா யன்னல்களுக்கும் பிளாஸ்ரிக் தாள் ஒட்டி, கதவுகளுக்கு ஸ்பொஞ் அடைத்தார். இனிக் குளிர் உள்ளே வருவதென்றால் தன்னைக் கேட்டுத்தான் வரவேண்டும் என்றார். அடுப்பு எரிந்து வீடு சூடானால் அக்கா போகமாட்டாள். அதுதான் அவருடைய கணக்கு.

அடுப்பு எரியவில்லை. எரிந்தது, ஆனால் அதற்கு எரிதல் என்று சொல்ல முடியாது. பின்னேரம் மூட்டினால், சுவாலை சிவந்து, சோம்பலாகச் சாய்ந்து கிடக்கும். ஒரு மணித்தியாலத்தில் கண்ணாடி கரிச்சட்டியாகிவிடும். பாதி எரிந்த குச்சிகள் உள்ளே குவியும். அக்கா இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு அதன் முன்னால் ஒன்றும் பேசாமல் இருப்பாள். அவள் திட்டியிருந்தால் அத்தானுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குச்சிகள் ஈரம் என்றார் முதலில். கராஜில் இருந்த எட்டு மூட்டைகளும் இருப்பறைக்கு வந்தன. பிறகு, மூட்டைக்குள் தூசு அதிகம் என்றார். இடியப்ப மா அரிக்கிற அரிதட்டை எடுத்து, நிலத்தில் குந்தி இரண்டு மூட்டைகளை அரித்தார். அன்றைக்கு அக்கா பேசினாள். அதை இங்கே எழுத முடியாது.

அடுத்தது அடுப்பின் கண்ணாடிக் கதவு. கதவிடுக்கில் ஒரு காசுத் தாளை வைத்துப் பூட்டி இழுத்துப் பார்க்கவேண்டும், சுலபமாக வந்தால் கதவு இறுக்கமில்லை என்று எங்கேயோ வாசித்திருக்கிறார். இழுத்தார், வந்தது. காற்றுப் புகாமல் கதவைச் சுற்றியிருந்த கயிற்றை மாற்றி மறுபடி இழுத்தார், மறுபடியும் வந்தது. கனடாக் காசு பிளாஸ்ரிக், அது எங்கே வைத்தாலும் வழுக்கும் என்று நான்தான் சொன்னேன். கோயில் அர்ச்சனைச் சிட்டையை வைத்து இழுத்தோம். சிட்டை கிழிந்தது, கதவு விடவில்லை. பிறகு புகைக்குழாயைத் துப்புரவாக்கினோம். அவர் மேலிருந்து பிரஷ் விட, கீழே பிடித்தவன் நான். மூன்று நாளைக்கு என் மூக்கிலிருந்து கரி வந்தது.

கடைசியில் அவருக்குள் இருந்த பரிசோதகர் எழும்பினார். பிரிட்ஜில் ஒரு அட்டவணை ஒட்டி, திகதி, நேரம், சுவாலையின் நிறம் என்று பின்னேரங்களில் எழுதிவந்தார். மூன்று வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

"தம்பி, வெள்ளிக்கிழமையில உது தங்கமா எரியுது. மற்ற நாளெல்லாம் செத்தவீடு."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் விளக்கு வைக்கிற நாள் அல்லவா என்றாள். அடுத்த நாளே அடுப்பின் தலையில் மூன்று குறி திருநீறு ஏறியது. பின்னேரம் ஐந்து மணிக்குத் திருநீற்றோடேயே அடுப்பு சுருண்டது. குச்சியை விழுத்துகிற மோட்டர் கரண்டில் ஓடுவதால் அத்தானுக்கோ மின்சாரத்தில் சந்தேகம். வெள்ளிக்கிழமையில் மட்டும் கரண்டைக் கூட்டி அனுப்புகிறீர்களா என்று மின்சாரக் கம்பனியிடம் கேட்க நாற்பது நிமிடம் ஃபோனில் காத்திருந்தார்.

இதற்குள் தை பிறந்துவிட்டது. நிரூபா ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை பின்னேரம் அக்காவின் சூட்கேஸ் வாசலுக்கு வந்துவிட்டது. அத்தான் அதைப் பார்ப்பதும் அடுப்பைப் பார்ப்பதுமாகக் குந்தியிருந்தார். முகம் வாடிப்போயிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

அக்கா குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சமையல் அடுப்புக்கு மேலே, புகையை வெளியே தள்ளுகிற எக்ஸோஸ்ற் ஃபான் இரைந்தது. அந்த நேரம் நிரூபா ஃபோன் எடுக்க, சத்தத்தில் கேட்காமல் அக்கா ஃபானை நிற்பாட்டினாள். இருப்பறை அடுப்பில் படுத்துக்கிடந்த சுவாலை எழும்பியது. பளிச்சென்று மஞ்சளாக, நிமிர்ந்து. பேசி முடித்து அக்கா ஃபானைப் போட்டாள். சுவாலை படுத்தது.

அத்தான் அவளிடம் ஃபானை நிற்பாட்டச் சொன்னார். போடச் சொன்னார். நான்கு தரம் இப்படி. பிறகு நிலத்திலேயே இருந்துவிட்டார்.

ஃபான் வீட்டுக் காற்றையெல்லாம் வெளியே தள்ளுகிறது. உள்ளே வர ஒரு பொட்டு இடுக்குக்கூட இல்லை, எல்லாம் பிளாஸ்ரிக்கால் அடைத்தாயிற்று. மூச்சுக்குக் காற்றில்லாமல் நெருப்புத் திணறுகிறது. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையல், மரக்கறிக்கு அக்கா ஃபான் போடுவதில்லை. முந்தி வேலைக்குப் போட்டுக்கொண்டு போன ஜாக்கெற்றில் மீன் மணக்கிறதென்று, கடையில் இருந்ததிலேயே பெரிய ஃபானைப் பூட்டியவர் அத்தான். யன்னல்களை ஒட்டியவரும் அவர்தான். ஒரே பின்னேரத்தில் தன்னுடைய இரண்டு வேலைகளில் பிழை கண்டுவிட்டார்.

எழும்பிப்போய்க் குசினி யன்னலின் பிளாஸ்ரிக்கைக் கிழித்து, இரண்டு விரலளவு திறந்தார். ஃபானும் ஓடியது, அடுப்பும் எரிந்தது. அரை மணித்தியாலத்தில் அக்கா ஒரு சுவெற்றரைக் கழற்றினாள். அத்தான் அவள் முகத்தையே பார்த்தார். நல்லா எரியுது என்று சொல்லிவிட்டு அவள் தன் மருந்துப் போத்தல்களை எடுத்துச் சூட்கேஸில் அடுக்கினாள்.

ஞாயிறு காலை நிரூபா வந்தாள். அத்தான் மகளை இழுத்துக்கொண்டு போய்ச் சுவாலையைக் காட்டினார், கண்ணாடியைக் காட்டினார், கிழித்த பிளாஸ்ரிக்கைக் காட்டினார். வாசலில் அக்கா ஒரு காலுக்குச் சப்பாத்துப் போட்டு மற்றக் காலுக்குக் குனிந்தாள். இனிக் காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

"தவம்," என்றார். "போகாதை. எனக்குத் தனிய இருக்க ஏலாது."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அக்கா நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"உதைச் சொல்லுறதுக்கு உங்களுக்கு ஒரு அடுப்பு வேண்டிக்கிடந்ததோ?" என்று கேட்டாள். சப்பாத்தைக் கழற்றினாள்.

"அப்பா, சீரியஸ்லி? நான் ஒரு மணித்தியாலம் கார் ஓடி வந்தனான்," என்றாள் நிரூபா.

அத்தானுக்கு அது கேட்கவில்லை. என்னைத் தொடவும் விடாமல், சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு அவர் மாடிப்படியில் பாதி ஏறிவிட்டிருந்தார்.