அங்கிட்டுப் போகும் தண்ணீர்

கடல் ஏறினால் ஊர் என்ன செய்வது என்று திட்டம் போட, கோட்டைப்பட்டினத்தில் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு போனோம். அங்கேதான் அவரைப் பார்த்தேன். வளைகுடாவிலிருந்து லீவில் வந்து வீடு கட்டிக்கொண்டிருந்தார். நெடிய உடம்பு, வெயிலில் வெந்த முகம். இடுப்புயரம் எழுப்பியிருந்த பேஸ்மட்டத்தில் நிரப்பிய மண்மேல் நின்றபடி, பேசும்போதெல்லாம் குதிகாலால் மண்ணை மிதித்து அழுத்துவார்.

"போன மழைக்குக் கடத்தண்ணியும் சேந்து அடுப்படி வரைக்கும் வந்துருச்சுங்க. இனிமே இங்கிட்டு ஏறாது."

"அப்ப அந்தத் தண்ணி எங்க போகும்?"

"அங்கிட்டுப் போயிரும்." பக்கத்தில் தாழ்வாகக் கிடந்த ஓட்டு வீட்டைக் காட்டினார்.

"அங்க யாரு இருக்கா?"

"எந்தம்பிதாங்க."

குரல் கொஞ்சமும் மாறவில்லை. அப்போது ஒருவர் சட்டி நிறைய மண்ணைத் தலையில் சுமந்து பலகை வழியாக ஏறி வந்தார்.

"இவந்தான். கூலிக்கு ஆள் போட்டுக்கிறேன்னாலும் கேக்க மாட்டேங்கிறான்" என்றவர், தன் துண்டால் தம்பியின் முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டார்.

அந்தப் பாசத்தில் பொய் இருந்ததாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. தம்பி மண்ணைக் கொட்டினார். அண்ணன் அதையும் குதிகாலால் மிதித்து அழுத்தினார்.