புறவாசல் பீடம்

தேவதானத்துக்குப் பக்கத்து ஊரில் நான் வாக்கப்பட்டுப் போன வீடு எங்கள் ஆட்கள் கட்டியது இல்லை. எண்பதுகளில் நடந்த ஒரு வெட்டுக்குத்தில் அந்தத் தெருக்காரர்களை அடித்து விரட்டிவிட்டு எங்கள் ஆட்கள் குடியேறினார்கள். வாசல் நிலையில் அரிவாள் கொத்திய தடம் இருந்தது. அதன் மேல்தான் வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுவேன்.

புறவாசல் வேப்பமரத்தடியில், விரட்டப்பட்டவர்களின் சாமிக்கு ஒரு மண்பீடம். எங்கள் ஆட்கள் இடிக்கப் பயந்து விட்டுவைத்திருந்தார்கள். எங்கள் மாடு அதில் முதுகைச் சொறிந்துகொள்ளும்.

ஒரு மாசி மாதம், நல்ல வெயிலில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு புருசனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அந்த ஆளுக்கு இடது கையில் விரல்கள் இல்லை. அவர் முன்வாசலில் நிற்க, அந்தப் பெண் புறவாசலுக்கே வந்துவிட்டாள்.

"தாயி, வீடு வேண்டாம். நாங்க இப்ப இருக்குற எடத்துல சாமிக்குப் பீடம் போடணும். பழைய எடத்துப் பிடிமண்ணு இல்லாம சாமி வராது."

வேற்று மனுசரிடம் எனக்குப் பேச வராது. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் குனிந்து மண்ணை அள்ளும்போது முன்வாசலில் என் வீட்டுக்காரர் சத்தம் கேட்டது.

"ஏலே, இன்னைக்கு மண்ணு கேப்பிய, நாளைக்கு வீட்டைக் கேப்பிய."

மண்வெட்டிக் காம்பால் அந்த ஆளின் முழங்காலில் அடித்தார். விழுந்தவரைத் தெருவே கூடி மிதித்தது. "மிச்ச வெரலு எதுக்குலே ஒனக்கு?" என்று ஒருவன் சிரித்தான்.

அவள் கையிலிருந்த மண்ணை வாயில் போட்டு உதட்டை மூடிக்கொண்டாள். நான் மட்டும்தான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் புறவாசலுக்கு வந்து அவளை முந்தானையை உதறச் சொன்னார். உதறினாள். ஒன்றுமில்லை.

"மண்ணை எங்கட்டி வச்சிருக்க?"

அறைந்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

மறுபடியும் அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. அவள் அழவில்லை. அழுதால் வாய் திறந்துவிடும்.

"எடுத்தாளா?" என்று என்னிடம் கேட்டார். ஆண்கள் நிற்கும் இடத்தில் நான் வாய் திறந்ததே கிடையாது.

"இல்ல" என்றேன்.

அவள் புருசனைத் தோளில் தாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். மறுநாள் என் வீட்டுக்காரர் கடப்பாரையால் பீடத்தைப் பெயர்த்துப் போட்டார்.

சில வருசம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சந்துமுனையில் சின்னதாக ஒரு பீடம் பார்த்தேன். அவள்தான் கழுவிக்கொண்டிருந்தாள். முன்பல் இரண்டு இல்லை. என்னைச் செத்த நேரம் பார்த்தாள். திருநீற்றை நீட்டினாள். வாங்கிப் பூசிக்கொண்டேன்.

ஊர் வருவதற்கு முன்பு, பஸ்ஸிலேயே, முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டேன்.