டிஸ்பென்சரியில் வெந்த வேல்

ஓப்பநாயக்க டவுனில் மூன்று கடை, ஒரு லொறி, மாடி வீடு, தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்கு மதில். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் கட்டியவை இவை. அப்படிப்பட்ட நானே வியந்து பார்த்தவர், தொண்ணூறுகளில் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவர். ஒல்லி உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை.

ஒரு திருவிழாவில் அலகு குத்தியவர்களுக்குக் கன்னம் சீழ் பிடித்தது. மறுவருஷம் அவர் வேல்களையெல்லாம் வாங்கி, ஊசி அவிக்கிற சட்டியில் போட்டார். செருப்பைக் கழற்றி வெளியே வைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தார். அதன்பின் வருஷா வருஷம் அப்படித்தான்.

“சாமி வேல முட்டை மாதிரி அவிக்கிறீங்களே! வேண்டுதல் செல்லுமா?” என்று அந்த முதல் தடவை பூசாரி கத்தினார்.

“டாக்டரய்யா, ஒங்களுக்குச் சாமி மேல நம்பிக்கை இல்லீங்களா?” என்று நானும் கேட்டேன்.

“சாமி மேல இருக்குங்க. வேல வருஷம் பூரா போட்டு வச்ச தகரப்பெட்டி மேலதான் இல்ல.”

அலகு குத்த வந்தவர்கள் பின்வாங்கினார்கள். படுக்கையில் கிடந்த மனைவிக்காக நான் வேண்டியிருந்தேன். சாமி கோபித்தால் அவள் கதி என்ன என்று நடுங்கினேன். இருந்தும் கன்னத்தை நீட்டினேன். பிறகே மற்றவர்கள் வந்தார்கள். அந்த வருஷம் யாருக்கும் சீழ் பிடிக்கவில்லை. என் மனைவியும் எழுந்து நடமாடினாள்.

இப்போது கோயில் மலரில் அவரைப் பற்றி எழுதப்போகிறார்களாம். தாராளமாக எழுதட்டும், அந்த மனுஷனுக்கு எவ்வளவு எழுதினாலும் தகும். ஆனால் அவர் அவித்த வேலுக்கு முதல் கன்னம் கொடுத்தவன் நான். அதையும் போடச் சொல்லுங்கள், என் பேரோடு.