முப்பது மணித்தியாலக் கொழுக்கட்டை

இரண்டு வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்து இணுவிலில் இருந்து லண்டனுக்குப் புறப்பட்டேன். விமானத்தில் ஏறியது அதுதான் முதல்முறை. அங்கே இருக்கும் தங்கையின் மகனுக்கு முதற்பல் முளைத்திருந்தது. எங்கள் ஊரில் முதற்பல் வந்தால் கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்டுவோம். அதைத் தாய்வீட்டார் கொண்டுபோவது எங்கள் குடும்பத்து முறை. அம்மா இல்லாததால் அது என் பொறுப்பாயிற்று. நான் போய் இறங்குவதற்கு அடுத்த நாள் காலையில் கொண்டாட்டம். தங்கை எல்லோரையும் கூப்பிட்டுவிட்டாள்.

தேங்காய்ப்பூ சேர்ந்த கொழுக்கட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் என் யோசனை. பயணச்சீட்டைப் பார்த்தேன். பகல் ஒரு மணிக்குக் கொழும்பில் ஏறினால் இரவு எட்டு மணிக்கு லண்டன். எண்ணாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றரை ஏழு மணித்தியாலத்தில் கடக்கலாமா என்று அதிசயப்பட்டேன். யாரிடமும் கேட்கக் கூச்சம். இறங்கும்வரை தாங்கினால் போதும், பிறகு தங்கை வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடலாம் என்று எண்ணினேன். முதல் நாள் பின்னேரம் அவித்து, டப்பாவில் அடுக்கி, இராச்சாப்பாட்டுக்குப் பிறகு கொழும்பு விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியில் ஏறினேன்.

விமானத்தில் முன் இருக்கையின் திரையில் ஒரு வரைபடம் இருந்தது. குட்டி விமானம் அதில் ஊர்ந்துகொண்டிருந்தது. என் மணிக்கூட்டில் எட்டானது. இறங்கப்போகிறோம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். ஆனால் திரை இன்னும் நாலரை மணித்தியாலம் என்றது. விமானம் வழி தவறிவிட்டதோ என்று பயந்து, மடியில் இருந்த டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்தவர் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் அம்மா. மகளிடம் போகிறாராம்.

"என்ன தங்கச்சி, உதுக்குள்ளை குஞ்சா வளக்கிறியள்? ஏறின நேரத்திலையிருந்து பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்."

சிரிப்பு வந்துவிட்டது. விசயத்தைச் சொன்னேன்.

"எப்ப அவிச்சனீங்கள்?"

"நேற்றுப் பின்னேரம் ஆறு மணிக்கு, அக்கா."

அவர் விரல் மடித்து எண்ணினார். "லண்டனிலை எட்டு எண்டால் எங்கடை ஊரிலை நடுச்சாமம் தாண்டி பன்னிரண்டரை. முப்பது மணித்தியாலத்துக்கு மேலை. ஆக்கள் மணிக்கூட்டைத் திருப்பி வைக்கலாம். கொழுக்கட்டைக்கு உது தெரியுமே?"

டப்பாவைத் திறந்தேன். புளித்த வாடை அடித்தது. சட்டென்று மூடிவிட்டேன். தங்கைக்கு என்ன சொல்வேன் என்று கண் கலங்கியது.

"அழாதேங்கோ. மா வறுத்தால் பழுதாகாது. அதைத்தான் கொண்டு வந்திருக்க வேணும். இறங்கினாப் பிறகு பாப்பம்."

லண்டனில் தன் பெட்டி வந்ததும் அந்த அம்மா அதை அங்கேயே நிலத்தில் வைத்துத் திறந்தார். வறுத்த அரிசிமா ஒரு பொதி, வறுத்த பயறு ஒரு பொதி எடுத்து என் கையில் வைத்தார்.

"உங்கடை மகளுக்கெல்லோ கொண்டு வந்தனீங்கள்?"

"அவள் கடையிலை வாங்கித் தின்னட்டும். முதற்பல்லு ஒருக்காத்தான் முளைக்கும். தேங்காய் இஞ்சை கிடைக்கும், போங்கோ."

அடுத்த நாள் விடியவே எழும்பி அவித்தேன். ஓரத்தில் பல் மாதிரி நறுக்கிய தேங்காய்ச் சொட்டுகளைப் பதித்தேன். ஆவி அடங்கியதும் தங்கை மகனின் தலையில் கொட்டினோம். அவன் ஒன்றைப் பிடித்து அந்த ஒற்றைப் பல்லால் கடித்தான்.

அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தக் கூச்சம் இன்னும் உறுத்துகிறது. அதனால்தானோ என்னவோ, இப்போது எங்கள் ஒழுங்கையில் அக்கம்பக்கத்தார் யாராவது வெளிநாடு புறப்பட்டால், பையில் என்ன கொண்டுபோகிறீர்கள் என்று நானாகவே போய்க் கேட்கிறேன்.