கலியாணக் கசெட்டில் நான் வெட்டச் சொன்ன இடம்

எனக்கு வாய் கூட. அதை முதலே சொல்லிப்போடுறன். முப்பது வருசம் ரீச்சரா இருந்த வாய், பென்சன் எடுத்த பிறகும் ஓயல்ல. அந்த வாயால அண்டைக்கு ஒரேயொரு சொல் சொல்ல ஏலாமப் போச்சு.

கனடாவில இருக்கிற மகளுக்குக் கலியாணம் பேசி முடிஞ்சிது. அவளுக்கு என்ட கலியாணத்தைப் பாக்க வேணுமாம், மாப்பிள்ளை வீட்டாருக்கும் காட்ட வேணுமாம். என்ட கலியாணம் அலுமாரிக்குள்ள சேலைகளுக்கு அடியில ஒரு வீடியோ கசெட்டாக் கிடந்தது. போட்டுப் பாக்க ஊரில ஒரு வீட்டிலயும் டெக் இல்ல. பஸ் ஏறி, ஆரையம்பதி தாண்டி, மட்டக்களப்பு டவுனுக்குக் கொண்டு போனன். வாவிக் கரைப் பக்கம் ஒரு சின்னக் கடை. பழைய கசெட்டைக் கம்பியூட்டருக்கு மாத்திக் குடுக்கிற பொம்புளைக்கு நாப்பது வயசிருக்கும்.

அவள் கசெட்டைத் திறந்து பாத்தாள். நாடாவில வெள்ளையாப் பூஞ்சணம். பஞ்சால ஒத்தி ஒத்தித் துடைச்சாள்.

"கசெட் எவ்வளவு நேரமோ மாத்தவும் அவ்வளவு நேரம் எடுக்கும் ரீச்சர். மூண்டு மணித்தியாலம். போயிட்டுப் பின்னேரம் வாங்களன்."

நான் போவனா? கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில இருந்திட்டன். படம் ஓடத் தொடங்கினதும் என்ட வாயும் தொடங்கிற்று. இது எங்கட மாமி, இது கொழும்பால வந்த சித்தப்பா, அந்த அட்டியல் நாலு தலைமுறைச் சாமான் எண்டு. அவள் பொறுமையா ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கட பக்கம் அந்த நாளில கலியாண வீடெண்டால் பந்தலுக்கு மேல வெள்ளைத் துணி கட்டுறதும், பொண்ணு மாப்பிள்ளை நடக்க நிலத்தில வெள்ளை விரிக்கிறதும் ஊருக்கு உடுப்பு வெளுக்கிற கட்டாடியார்ட வேலை. படத்தில ஒரு மனிசன்ட முதுகு தெரிஞ்சிது. குனிஞ்சு குனிஞ்சு வெள்ளை விரிக்கிறார். நான் ராணி மாதிரி அதுக்கு மேல நடந்து வாறன்.

"அது எங்கட அப்பா" எண்டாள்.

"ஆரு, கட்டாடியாரா?" எண்டு கேட்டுப்போட்டன். அந்த மனிசனுக்கு ஒரு பேர் இருக்கும் எண்டு எனக்குத் தோணவே இல்ல.

"ஓம் ரீச்சர். அவர் செத்து இருபத்தஞ்சு வருசமாப் போச்சு. வீட்டில இருந்த படமெல்லாம் சுனாமியோட போயிட்டு. அவர்ட முகம் எனக்கு இப்ப சரியா ஞாபகத்தில வருகுதில்ல." கொஞ்சம் தயங்கினாள். "முகம் தெரியிற இடம் வந்தா, அந்தத் துண்டை மட்டும் எனக்கு ஒரு கொப்பி எடுக்கவா?"

"எடு மகள், எடு! இதெல்லாம் ஒரு கேள்வியா?" எண்டன். பெரிய தருமம் செய்த நினைப்பு எனக்கு.

பிறகு ரெண்டு பேருமாத் தேடினம். மனிசன் வாறார், போறார். ஒண்டில் முதுகு, ஒண்டில் குனிஞ்ச தலை. வீடியோக்காரன் லைற்றை எங்கட சொந்தக்காரர் பக்கமே பிடிச்சிருக்கான், அறுவான். நானும் அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தன்.

ரெண்டாவது மணித்தியாலம் பந்தி. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில நான். எதிர் வரிசையில மஞ்சள் சட்டை போட்ட ஒரு சின்னப் புள்ள வந்து, ஒரு இலைக்கு முன்னால சம்மணம் கட்டி இருந்திச்சு. படத்தில என்ட முகம் சுளியுது. காப்பெல்லாம் போட்ட கை நீளுது. ரெண்டு விரலால, எழுப்பு, எழுப்பு எண்டு காட்டுறன். வீட்டுக்குள்ள வந்த கோழியைக் கலைக்கிற மாதிரி. ஆரோ வந்து அந்தப் புள்ளையைத் தோளில பிடிச்சுத் தூக்கி விடுறாங்க. அது கையில எடுத்த பப்படத்தை விடவே இல்ல.

அப்பதான் அந்த மனிசன் ஓடி வந்தார். புள்ளையைத் தன்னோட அணைச்சுப் பிடிச்சார். எனக்கு முன்னால நிண்டதால லைற் அவர்ட முகத்தில நேரா விழுந்திச்சு. என்னைப் பாத்துச் சிரிச்சார். பிழை பொறுத்துக்கொள்ளுங்க எண்ட சிரிப்பு.

ஐயோ, நான் அதை மறந்தே போனன். சத்தியமா மறந்துபோனன். தன் முதுகு தனக்குத் தெரியாது எண்டுறது சரிதான். "எல்லாரும் சமம் புள்ளையள்" எண்டு முப்பது வருசம் வகுப்பில படிப்பிச்சவள் நான்.

"அந்தச் சட்டை அப்பா களுவாஞ்சிகுடியில வாங்கித் தந்தது" எண்டாள் அவள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கல்ல.

மன்னிச்சுக்கொள் எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தன். வந்ததோ வேற. "அப்ப ஊர் வழமை அப்பிடித்தானே மகள். எனக்கும் சின்ன வயசு."

"எத்தின வயசு ரீச்சர்?"

"இருபத்தாறு."

"எனக்கு ஆறு" எண்டாள். கோவம் ஒண்டும் இல்ல. கேட்ட கணக்குக்கு விடை சொன்ன மாதிரிச் சொன்னாள்.

அதோட விட்டிருந்தாலும் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். மகள் பாப்பாள், சம்பந்தி வீட்டார் பாப்பாங்க எண்ட பயம் என்னைப் பிடிச்சிட்டு. "அந்த இடத்தை ஒருக்கா வெட்டி விடு புள்ள" எண்டன். சீ!

"உங்கட கொப்பியில வெட்டித் தாறன் ரீச்சர். என்ட கொப்பியில இருக்கட்டும். அப்பா நேரா பாக்கிறது அந்த இடத்தில மட்டும்தான்."

பென்ட்ரைவை வாங்கிக்கொண்டு வந்திட்டன். மகளுக்கும் அனுப்பியாச்சு. "சோக்கா இருக்கம்மா, எவ்வளவு வடிவா இருந்திருக்கிறீங்க" எண்டு போனில ஒரே புழுகம், துள்ளாத குறை. மாப்பிள்ளை வீட்டாருக்கும் நல்ல சந்தோசமாம்.

அந்தக் கடைக்காரப் பொம்புளைக்கும் புள்ளையள் இருக்கு. இதுதான் உங்கட அம்மப்பா எண்டு, அந்தத் துண்டைத்தானே அவள் அதுகளுக்குப் போட்டுக் காட்டுவாள்? அம்மப்பா ஆரைப் பாத்துச் சிரிக்கிறார் எண்டு அதுகள் கேக்காம இருக்குமா? அவள் என்ன சொல்லுவாள் எண்டு நினைச்சா எனக்குச் சோறு இறங்குதில்ல.