கிழிந்த மூன்றாம் வரி

ஜெயகௌரிக்குச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இரண்டு வேலை. கிழமையில் மூன்று நாள் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர். வியாழனும் வெள்ளியும் ஓர் ஆய்வு நிலையத்தில் செரோக்கி மொழியின் பழைய கையெழுத்துக் கடிதங்களுக்குக் குறிப்பு எழுதுகிறார். அது வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் மொழி. நாற்பது வயதுக்குப் பிறகு மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தார். கடிதத்தின் ஒவ்வொரு வரிக்குக் கீழும் ஒலிப்பு, சொல்லின் கூறுகள், பொருள் என்று மூன்று வரி எழுத வேண்டும். மொழி பழகுகிறவர்களுக்குப் பொருள் போதும். மொழியியலாளர்கள் கூறுகளில்தான் சண்டை பிடிப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவரால் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்தார். டிராம் சத்தம் கேட்கிறதென்று மூடினார். தேநீர் ஆறிப்போய்க் கிடந்தது.

"என்னக்கா, கதிரையில முள்ளோ?" என்றான் நிலையத்தின் இணையத்தளத்தைக் கவனிக்கும் வினோதன். "அஞ்சரைக்கு நான் பக்கத்தை ஏத்தோணும்."

அன்றைய பக்கம், அக்கா ஒருத்தி தம்பிக்கு எழுதிய செரோக்கிக் கடிதம். மூன்றாம் வரியில், மடித்த இடத்தில் தாள் கிழிந்து ஒரு சொல் போய்விட்டது.

"'ஆத்தைக் கடந்து வா' எண்டுதானே வரும்? போட்டுவிடுங்கோவன். செத்த மனுசி வந்து வழக்குப் போடப்போறாவோ?"

ஜெயகௌரியின் கை நின்றது.

மார்ச் மாதம் ஒரு விசாரணையில், ஊரில் அவன் போன வாகனத்தை எங்கே மறித்தார்கள் என்று அதிகாரி கேட்டபோது மட்டக்களப்புப் பொடியன் அருட்செல்வன் பேசாமல் இருந்தான். அந்த வீதி ஜெயகௌரிக்குத் தெரியும். மறிப்பதென்றால் ஒரு சந்தியில்தான் மறிப்பார்கள். அந்தச் சந்தியின் பெயரை அவன் பதிலாக அவரே சொல்லிவிட்டார். முடிவில் விசாரணைப் பதிவின் எல்லாப் பக்கங்களையும் தமிழில் வாசித்துக் காட்டியதும் அவர்தான். களைத்துப்போயிருந்தவன் தலையாட்டிப் பக்கம் பக்கமாகக் கையெழுத்து வைத்தான். இரண்டாம் விசாரணையில் வேறு இடத்தைச் சொன்னான். முன்னுக்குப் பின் முரண் என்று விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள்.

போன கிழமை தமிழ்க் கடை வாசலில் அவரைக் கண்டான். "அக்கா, அந்தச் சந்தியை நான் சொன்னதா ஞாபகமே இல்லை. ஆனா என்ர கையெழுத்து இருக்கு. எனக்குத்தான் மண்டை குழம்பிட்டுதோ?"

"வடிவா யோசிச்சுப் பாருங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தார். மேன்முறையீட்டுக்குத் திங்கட்கிழமை கடைசி நாள்.

ஐந்து மணிக்கு ஒக்லஹோமாவிலிருந்து லொரீன் திரையில் வந்தார். செரோக்கியைத் தாய்மொழியாகப் பேசும் அவர் வாசித்துப் பார்க்காமல் எந்தப் பக்கமும் வெளியே போகாது. லொரீன் உரக்க வாசித்தார். கிழிந்த இடத்தில் நிறுத்தினார்.

"'ஆற்றைக் கடந்து' என்று இருக்குமா?" என்று ஜெயகௌரி கேட்டார்.

"இருக்கலாம். ஆனால் எழுதியது அவள். நான் அவள் இல்லையே" என்ற லொரீன் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அழைப்பு முடிந்ததும் ஜெயகௌரி தட்டினார்: 'இங்கே தாள் கிழிந்துள்ளது. சொல் தெரியவில்லை.'

"இவ்வளவுதானோ?" என்றான் வினோதன்.

"ஓம். ஏத்தும்."

பிறகு கைபேசியில் அருட்செல்வனை அழைத்தார். "தம்பி, உங்கட வழக்கறிஞரின்ர நம்பரைத் தாங்கோ. அந்தச் சந்தியை நீங்கள் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான். எழுதித் தாறன்."

வினோதன் திரும்பினான். "அக்கா, உங்கட வேலை…"

அவர் கையை உயர்த்தி அவனை மறித்தார். மறுமுனையில் சத்தமில்லை. அருட்செல்வன் என்ன நினைப்பான் என்று அவருக்குத் தெரிந்ததுபோல்தான் இருந்தது. ஆனாலும் இந்த முறை அவனுக்காக வாயைத் திறக்கவில்லை. மேசைக்கடியில் கால் மட்டும் ஆடிக்கொண்டேயிருந்தது.