கிளைடுக்கு யார் மணி அடிப்பது

செனட்டர் வெண்டல் ஹாக்ஸ்பியின் ஊர் அலுவலகத்தில் பதினாறு வருஷம் போன் எடுத்தவள் நான். பென்ஷன் வரவில்லை, பட்டாளத்தில் இருக்கும் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று அழுதவர்களையும் திட்டியவர்களையும் கேட்டுக் கேட்டு என் வலது காது மந்தமாகிவிட்டது. செனட்டரை நல்ல மனிதர் என்றுதான் சொல்வேன். நல்ல மனிதர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருவதும் அவரால்தான்.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். வக்கீலுக்குப் படித்து, மூன்று முறை ஜெயித்து வாஷிங்டன் போனார். சொன்ன சொல் தவறாதவர் என்று எதிர்க்கட்சிக்காரர்களே சொல்வார்கள். அந்தப் பெயர்தான் அவரைக் கெடுத்தது.

சுரங்கங்களில் விஷவாயுவைக் காட்டும் கருவி கட்டாயம் என்று ஒரு மசோதா வந்தது. பாதி அவர் எழுதியது. ஓட்டெடுப்பின்போது, அதை எதிர்க்கும் கிழ செனட்டர் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்படி ஒருவர் வர முடியாமல் போனால், மறுபக்கத்தில் ஒருவர் தன் ஓட்டையும் போடாமல் விட்டுக்கொடுப்பது அங்கே பழைய மரியாதை. இவர் விட்டுக்கொடுத்தார். எப்படியும் ஜெயித்துவிடும் என்ற நினைப்பு. கடைசி நேரத்தில் இரண்டு பேர் மனம் மாறினார்கள்; கொடுத்த வாக்கை இவர் மீறவில்லை. ஓட்டுகள் சரிசமமாக நின்றன. முடிவு சொல்ல வேண்டிய துணை ஜனாதிபதி அன்று அவையில் இல்லை; அப்படியானால் சரிசமம் என்பது மசோதாவுக்குத் தோல்வி.

பதினான்கு மாதம் கழித்து எங்கள் ஊர்ச் சுரங்கம் வெடித்தது. பத்தொன்பது பேர். அதில் ஒருவன் கிளைட், செனட்டரின் தங்கை ரோவீனாவின் புருஷன்.

அடுத்த தேர்தலில் தோற்று ஊருக்கே வந்துவிட்டார். 'சாகக் கிடந்தவர் கெஞ்சினார், எப்படி மறுப்பது?' என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னதை ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். ரோவீனா ஒன்பது வருஷம் அவரோடு பேசவில்லை. மளிகைக் கடையில் எதிர்ப்பட்டால் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

ஏப்ரல்தோறும் சர்ச் முற்றத்தில், மணிக்கூண்டின் கீழே பத்தொன்பது பெயர்களையும் வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டு ஆள் கயிற்றை இழுத்து மணி அடிக்க வேண்டும். இந்த வருஷம் மார்ச்சில் நான் செனட்டர் வீட்டுச் சமையலறையில் அவரோடு உட்கார்ந்து பழைய கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ரோவீனா வாசலில் வந்து நின்றாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"உக்காரு ரோவீனா, காபி போடறேன்," என்றார் செனட்டர்.

"காபி குடிக்க வரல. என் வலது தோள் போயிருச்சு, கயிற இழுக்க முடியாது. எனக்குப் புள்ளையா குட்டியா? கிளைடுக்கு இந்த வருஷம் நீ அடி."

ஒன்பது வருஷமாக அந்த மனிதர் ஏங்கியது இதற்குத்தான்.

"சாகப்போறவன் கெஞ்சினா நானும் மறுத்திருக்க மாட்டேன், வெண்டல். அத எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் இந்தப் படி ஏறியிருக்கேன்."

தலையை மட்டும் ஆட்டுய்யா என்று மனசுக்குள் கத்தினேன்.

"அவரு கெஞ்சல," என்றார் செனட்டர். "கேக்கக்கூட இல்ல. நானே போன் பண்ணிச் சொன்னேன். பெரிய மனுஷன்னு நாலு பேர் சொல்லணுமே. 'எனக்காக எதுக்குப்பா, போய் ஓட்டப் போடு'ன்னாரு அவரு."

ரோவீனா அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"மார்லிஸ், உனக்குத் தெரியுமா?"

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் ஊர் அலுவலகத்திலிருந்துதான் அவர் பேசினார். அந்த போனைப் போட்டுக் கொடுத்தவள் நான். தெரியும் என்றேன்.

"ரெண்டு பேரும் நல்லா இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரலில் கிளைடின் பெயரை வாசித்ததும் அவளே இடது கையால் கயிற்றை இழுத்தாள். இரண்டு முறை மணி அசையவே இல்லை. யாரையும் கிட்டே வர விடவில்லை. மூன்றாவது முறை உடம்பு முழுவதையும் கயிற்றில் தொங்கவிட்டாள், அடித்தது. செனட்டர் சர்ச் வேலிக்கு வெளியே, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வருஷமும் உள்ளே நிற்கும் நான், இந்த முறை அவர் பக்கத்தில் நின்றேன்.